பொருள் தெரிஞ்சு படிக்கோணுமாம்

உக்காருங்கக்கா, நல்லா நகந்து உக்காருங்க, ரெண்டு பேருக்குத் தாராளமா எடம் இருக்குது. கண்டக்டர் மொறைக்கறாரு பாருங்க, நான் என்னமோ சண்டை போடறன்னு நெனைச்சுட்டாரு. சண்டை போடத்தான் போறன், ஆனா இந்த பஸ்ஸுல இல்லை. எம்பட தொண்டையே இப்படித்தானுங்க. தறிக்காரங்க தொண்டை. ஊட்டுக்குள்ள நாலு தறி ஓடுது. கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து அந்தச் சத்தத்துக்கு மேல பேசிப் பேசி, இப்ப மெதுவாப் பேசுன்னா வரமாட்டேங்குது. கோயில்ல சாமிகிட்ட வேண்டிக்கிட்டாக்கூட அடுத்த தெருவுக்குக் கேக்கும்.

எங்க போறன்னு கேட்டீங்கல்ல? தண்ணித்தொட்டி ஸ்டாப்பு. ஸ்டாப்பு வந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் பேச ஆரம்பிச்சா ஊரு தாண்டிப் போயிருவன். அங்க பொம்பளைப் புள்ளைங்க பள்ளிக்கூடம் இருக்குதில்ல, அதுல எம்பட மவ ப்ளஸ் ஒண்ணு படிக்கறா. அவளுக்கு டி.சி. வாங்கப் போறன்.

பாதி வருசத்துல டி.சி. யாராவது வாங்குவாங்களான்னு பாக்கறீங்க. நான் வாங்குவனுங்க. ஒரு டீச்சரு எம்பட புள்ளையைக் கெடுத்து நாசம் பண்ணிட்டிருக்கறா, நான் பாத்துட்டுக் கையைக் கட்டிட்டு நிக்கோணுமா? நீங்களே சொல்லுங்க. கெடுக்கறதுன்னா வேற மாதிரி நெனைச்சுக்காதீங்க. புள்ளையைப் படிக்க உடமாட்டேங்கறா. பள்ளிக்கூடத்து டீச்சரே படிக்காதேன்னு சொன்னா எங்க போயி முட்டிக்கறது?

எம்பட புள்ள பத்தாவதுல எப்படிப் படிச்சான்னு எங்க தெருவுல யாரை வேண்ணாலும் கேளுங்க. யாரை வேண்ணாலும். ஏன்னா தெருவுக்கே கேக்குமுங்க. நூல் மூட்டை மேல ஏறி உக்காந்துட்டு, புஸ்தகத்தை மடியில வெச்சுட்டு, தறிச்சத்தத்துக்கு மேல கத்துவா பாருங்க, அப்படி இருக்கும். நான் இந்தப் பக்கம் உக்காந்து தார் சுத்திட்டிருப்பன். தார்னா தறியில குறுக்க ஓடற நாடாவுக்குள்ள வெக்கற நூல்கண்டு. கை அதும்பாட்டுக்குச் சுத்தும், காது அவகிட்ட இருக்கும். வரலாறு, சயின்ஸு, தமிழ்ச் செய்யுளு, எல்லாம் எனக்குத் தெரியும். நான் அஞ்சாவதோட தறிக்கு வந்தவ. ஆனா அவ ஒரு வரி மறந்து நின்னான்னா நான் இங்கிருந்து எடுத்துக் குடுப்பன். "அம்மா, நீயே போயிப் பரீட்சை எழுதிருவே போல"ன்னு சிரிப்பா. சயின்ஸுல தொண்ணூத்தெட்டு மார்க்கு வாங்குனா. பள்ளிக்கூடத்துலயே ரெண்டாவது. ரிசல்ட்டு வந்தன்னைக்குத் தெருவுக்கே சர்க்கரைப் பொங்கல் குடுத்தன்.

இப்பச் சொல்றன் கேளுங்க. தறி பழக்கம் உங்களுக்கு இருக்குதோ இல்லையோ. தறி ஓடுனா சத்தம் வரும். சத்தம் நின்னா ஒண்ணு நூலு அந்துபோச்சுன்னு அர்த்தம், இல்லை கரண்டு போச்சுன்னு அர்த்தம். நான் சோறாக்கிட்டே சொல்லிப்போடுவன், மூணாவது தறி நின்னுபோச்சு போயிப் பாருங்கன்னு. எங்க ஊட்டுக்காரரு போயிப் பாத்தா சரியா அதுதான் நின்னிருக்கும். சத்தமே இல்லாம ஒரு முழத் துணி நெய்ய முடியுமா? முடியாது. புள்ளைங்க படிப்பும் அப்படித்தான். சத்தம் வந்தா படிக்குது, நின்னா நின்னுபோச்சு.

நின்னுபோச்சுங்க. ஜூன் மாசம் முதல் குரூப்புல சேத்தன், அதோட நின்னுபோச்சு.

அந்த டீச்சரு பேரு ஜெசிந்தா. பிசிக்ஸு எடுக்கறா. தெக்கத்திக்காரி, வயசு எம்பட தங்கச்சி வயசு கூட இருக்காது. சேந்த புதுசுல பெத்தவங்களையெல்லாம் கூப்புட்டு ஒரு கூட்டம் போட்டாங்க, ப்ளஸ் ஒண்ணுல எப்படிப் படிக்கோணும்னு சொல்றதுக்கு. நானும் தறியை நிறுத்திப்போட்டுப் போனன். நாலு நல்ல வார்த்தை சொல்லுவாங்க, விடிகாலைல எழுப்புங்க, டிவியைப் புடுங்கிப் போடுங்க, அப்படின்னு. இவ எந்திரிச்சு என்ன சொல்றா? "பத்தாவதோட அந்தப் படிப்பு முடிஞ்சு போச்சும்மா. இனி மனப்பாடம் பண்ணுனா தாங்காது. ஒரு பக்கம் படிக்கட்டும், புத்தகத்தை மூடட்டும், என்ன புரிஞ்சுதுன்னு சொந்த வார்த்தையில சொல்லிப் பாக்கட்டும். கணக்கைப் பாத்து எழுதாம தானாப் போட்டுப் பாக்கட்டும், தப்பாப் போனாலும் பரவாயில்லை. நல்லாத் தூங்கட்டும். தினமும் ஒரு கேள்வியோட வகுப்புக்கு வரட்டும்"ங்கறா.

தூங்கட்டுமாம்! பெத்தவ நான் எழுப்பி உடறன், அவ தூங்கச் சொல்றா. தப்பாப் போனாலும் பரவாயில்லையாம். தப்பா நெய்ஞ்ச துணியை எவனாவது பரவாயில்லைன்னு வாங்குவானா? அப்பறம் இந்தக் கேள்வி. பதில் தெரிஞ்ச புள்ளைக்குத்தான மார்க்கு? கேள்வி கேட்ட புள்ளைக்கு எந்த ஊர்ல மார்க்கு போடறாங்க? நான் எந்திரிச்சுக் கேட்டுப்போடலாம்னுதான் பாத்தன். பக்கத்துல இருந்த பொம்பளைங்கெல்லாம் தலையை ஆட்டிட்டிருந்தாங்க. சரி, நம்ம எதுக்குன்னு உக்காந்துட்டன். அன்னைக்கே கேட்டிருக்கோணும்.

அடுத்த நாள்ல இருந்து ஊட்டுல சத்தம் இல்லைங்க. தறி ஓடுது, அவ சத்தம் இல்லை. நானும் உடம்பு கிடம்பு சரியில்லையோன்னு போயிப் பாத்தன். நூல் மூட்டை மேல உக்காந்திருக்கறா. புஸ்தகம் மூடிக் கெடக்குது. கன்னத்துல கையை வெச்சுட்டு மோட்டுவளையைப் பாத்துட்டிருக்கறா.

"ஏ அம்மிணி, ஏன் சும்மா உக்காந்திருக்கே?"

"சும்மா இல்லைம்மா, ரோசனை பண்றன்."

"ரோசனை பண்றதுக்கு அதுல என்ன இருக்குது? எல்லாம் அச்சடிச்சுத்தான குடுத்திருக்கறாங்க. எடுத்துப் படி."

"படிச்சுட்டன்மா. அதைத்தான் ரோசனை பண்றன்."

பாருங்க, எப்படி வருது பதிலு. பொம்பளைப் புள்ள கன்னத்துல கையை வெச்சா ஊடு வெளங்குமா? தட்டி உட்டன் கையை. அன்னைக்கு ஒரு நாளுன்னா பரவாயில்லைங்க, பொழுதுக்கும் அதே வேலை. சோத்துல கையை வெச்சுட்டு ரோசனை. தலை சீவிட்டு, சீப்பு பாதித் தலையில நிக்க, ரோசனை. அவங்கப்பன் என்னமோ ஸ்டைலா இருக்குதுன்னு மௌனிகான்னு பேரு வெச்சாரு. நானும் சினிமாக்காரிங்க பேராட்டம் இருக்குதுன்னு சரின்னுட்டன். அதுல மௌனம் இருக்குதுன்னு அப்ப எவனுக்குத் தெரியும்?

ஏனுங்க டிரைவர், மூட்டையா ஏத்தியிருக்கீங்க? மனுசங்கதான உக்காந்திருக்கறோம்? பாருங்கக்கா, எப்படிப் பிரேக்குப் போடறான்னு. நல்லவேளை கம்பியைப் புடிச்சுட்டன்.

எங்க உட்டன்? ஆ, கேள்வி. அந்த டீச்சரு கேள்வி கொண்டாரச் சொல்லிட்டாளா, இவ ஊடு பூராக் கேள்வி தேடிட்டுத் திரியறா. எல்லாரும் காணாமப் போன காதுத்தோட்டைத் தேடுவாங்க, எம்பட புள்ள கேள்வியத் தேடறா. கொழம்பு கொதிக்கயில மூடி ஏம்மா ஆடுது? ஈரத்துணி ஏம்மா கனக்குது? ஒரு நாளு தறிகிட்டப் போயி நின்னுட்டா. நாடா போறதையும் வரதையும் பாத்துட்டே நிக்கறா. நாடான்னா ஊடைநூலைக் கொண்டுட்டு இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஓடுமே, அது. இந்தப் பக்கத்துல இருந்து கட்டை ஒரு அடி அடிக்கும், பாஞ்சு போயி அந்தப் பக்கம் பொட்டிக்குள்ள முட்டி நிக்கும். அங்கிருந்து ஒரு அடி, இங்க வந்து நிக்கும். அவ்வளவுதான். பொறந்ததுல இருந்து பாக்கறா, அன்னைக்கு என்னமோ புதுசாப் பாக்கறவளாட்டம் கேக்கறா.

"ஏம்மா, கட்டை அடிக்கறது ஒருக்காத்தான? அடிச்சு முடிச்சதுக்கப்பறமும் நாடா ஏம்மா போயிட்டே இருக்குது?"

"போகாம என்ன பண்ணும்? போறதுதான் அதும்பட வேலை."

"பொட்டி இல்லைன்னா எங்கம்மா நிக்கும்?"

"பொட்டி இல்லைன்னா நிக்காது. நேராப் பாஞ்சு போயி எவன் மூஞ்சியிலயாவது அடிக்கும். உங்க சின்னத் தாத்தாவுக்கு நெத்தியில தழும்பு எப்படி வந்துச்சுன்னு நெனைச்சே? நகரு அக்கட்ட!"

உடனே அவ மொகம் அப்படியே மலந்து போச்சுங்க. "அம்மா! நேராவா? நெசமாவே நேராத்தான் போகுமா?"ன்னு கேட்டுட்டு என்னையக் கட்டிப் புடிச்சுக்கிட்டா. எனக்குப் பயமாப் போச்சு. தாத்தன் நெத்தி ஒடைஞ்ச கதையைக் கேட்டுச் சிரிக்கற புள்ளையை நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா? மந்திரிச்சு உடோணுமான்னுகூட நெனைச்சன்.

அப்பறம் காலாண்டுப் பரீட்சை வந்துச்சு. பிசிக்ஸுல முப்பத்தேழு. உங்க காதுல உழுந்துச்சா? முப்பத்தேழு. தொண்ணூத்தெட்டு வாங்குன புள்ள. பாஸ் மார்க்கைச் சொவத்துப் பல்லி மாதிரி ஒட்டிப் புடிச்சிருக்கறா. எனக்கு வந்துச்சே ஒரு ஆங்காரம். அன்னைக்கே கெளம்பிப் பள்ளிக்கூடத்துக்குப் போனன். அந்த டீச்சரு என்னையப் பாத்ததும் சிரிக்கறா! "வாங்கம்மா, நானே உங்களைப் பாக்கணும்னு இருந்தேன், மௌனிகா ரொம்ப நல்லா வர்றா"ங்கறா.

"எங்க வரா? முப்பத்தேழுக்கா?"ன்னன்.

"அம்மா, அந்த முப்பத்தேழும் அவளோடது. தொண்ணூத்தெட்டு புத்தகத்தோடது. கணக்குல நாலு இடத்துல தப்பு விட்டிருக்கா, ஆனா எல்லாம் அவளா யோசிச்சு விட்ட தப்பு. அது சரியாயிடும். மனப்பாடம் பண்ணினவங்க நெறைய வாங்கியிருக்காங்க, அவங்களுக்குத்தான் நான் பயப்படறேன்."

எப்படி இருக்குது நாயம்? எச்சா மார்க்கு வாங்குன புள்ளைங்களுக்குப் பயப்படறாளாம். கம்மியா வாங்குன புள்ளை நல்லா வருதாம். தப்புல என்னங்க சொந்தத் தப்பு, எரவல் தப்பு? நான் உடலை. "பத்தாவதுல எம்பட புள்ள ஒரு எழுத்து உடாமச் சொல்லுவா, உங்ககிட்ட வந்துதான் வாயடைச்சுப் போயிட்டா"ன்னன்.

அதுக்கு அவ சொல்றா, "சொல்லுவாம்மா. பொருள் தெரியாமச் சொல்லுவா. பொருள் தெரிஞ்சு படிக்கணும்ல?"

எனக்குப் பொசுக்குன்னு ஆயிப்போச்சு. எம்பட புள்ளைக்கா பொருள் தெரியாது? அந்தப் பாடமே பொருள்தானுங்க! எனக்கே தெரியும். அங்கேயே, டீச்சருங்க ரூமு வாசல்ல நின்னுட்டு, இந்தத் தொண்டையில சொன்னன் பாருங்க: "புறவிசை ஒன்று செயல்படாத வரையில், ஓய்வில் உள்ள பொருள் ஓய்விலேயே இருக்கும், இயங்கும் பொருள் நேர்கோட்டில் சீராக இயங்கிக்கொண்டே இருக்கும்! எத்தனை பொருளு வந்துச்சு எண்ணிக்கங்க! பொருள் தெரியாதாம்ல!" வகுப்புல இருந்த புள்ளைங்கெல்லாம் ஜன்னல்ல வந்து எட்டிப் பாத்துச்சுங்க. அந்த டீச்சரு சிரிக்கவும் முடியாம, அழுகவும் முடியாம என் கையைப் புடிச்சுட்டா. "அம்மா, ரொம்பச் சரியாச் சொல்றீங்க. உங்களுக்கு யாரும் சொல்லித் தரலையே, அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு"ங்கறா. இவ கஷ்டம் எனக்கு எதுக்குங்க? கையை ஒதறிட்டு வந்துட்டன். இப்ப நீங்களே சொல்லுங்க, நான் சொன்னதுல ஒரு எழுத்து தப்பா?

நீங்களும் சிரிக்கறீங்க. சிரிங்க சிரிங்க. உங்க புள்ளைக்கு வந்தாத் தெரியும்.

ஊட்டுக்கு வந்து சொல்லிப்போட்டன். "இனி உம்பட டீச்சரு சொல்றதெல்லாம் அவ ஊட்டுல. இங்க நான் தார் சுத்தற எடத்துக்கு எனக்குச் சத்தம் வரோணும். சத்தம் இல்லைன்னா சோறு இல்லை." அவங்கப்பன்கிட்ட மொகத்தைத் தூக்கிட்டுப் போனா. அவரு மனுசன் என்னைக்கு எனக்கு எதுத்துப் பேசியிருக்கறாரு? "அம்மா சொல்றதைக் கேளு கண்ணு"ன்னுட்டு எண்ணெய்க் கேனைத் தூக்கிட்டுத் தறிக்குப் போயிட்டாரு.

சாயங்காலமே வந்துச்சுங்க சத்தம். கேட்டதும் எனக்கு அப்படியே வயித்துல பால் வாத்த மாதிரி இருந்துச்சு. நெசமாச் சொல்றன், கண்ணுல தண்ணி வந்துருச்சு. அத்தனை மாசமா ஊடு என்னமோ ஊடாட்டமே இல்லை. தறி நாலும் ஓடுது, எனக்குக் காதடைச்ச மாதிரி இருந்துச்சு. பத்தாவது வரைக்கும் அவ என்ன படிக்கறான்னு எனக்குத் தெரியும். இப்ப எம்பட புள்ள தலைக்குள்ள என்ன இருக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? கதவைச் சாத்திட்டு உள்ள உக்காந்துட்டா நான் வெளியிலதான நிக்கோணும்? அதை உடுங்க. நாலஞ்சு நாளு உள்ரூமுல இருந்து நல்லாக் கேட்டுச்சு சத்தம். நானும் தார் சுத்திட்டே அவகூடவே முணுமுணுன்னு சொல்லிட்டிருந்தன்.

சொல்லிட்டே இருக்கயில திடுக்குனு ஆச்சு. நான் எப்படிக் கூடச் சொல்றன்? இது ப்ளஸ் ஒண்ணுப் பாடமாச்சே, எனக்கு எப்படித் தெரியும்? காதைத் தீட்டிட்டுக் கேட்டன். இயங்கும் பொருள் நேர்கோட்டில்! போன வருசத்துப் பாடமுங்க! தாரைப் போட்டுப்போட்டு மெதுவாப் போயிக் கதவைத் தொறந்தன். வாயி பத்தாவதுப் பாடத்தை ராகம் போட்டுச் சொல்லிட்டிருக்குது, கை பேப்பர்ல இந்த வருசத்துக் கணக்கைப் போட்டுட்டிருக்குது. நாடா படம் போட்டு அம்புக்குறியெல்லாம் போட்டு வெச்சிருக்கறா. என்னையப் பாத்ததும் வாயி நின்னுச்சு, கை நிக்கலை.

"என்னடி இது? யாரை ஏமாத்தறே?"

அவ நிமுந்து பாத்துட்டு மெதுவாச் சொன்னா, "உனக்குச் சத்தம் வேணும். எனக்குப் படிப்பு வேணும். ரெண்டும் ஆகட்டும்னுதாம்மா பண்ணுனன்."

அறைஞ்சுட்டன். கை நீண்டுபோச்சு, அதுக்கென்ன பண்றது. பெத்தவளைக் கேனச்சின்னு நெனைச்சா அறையாம கொஞ்சுவாங்களா? அவ அழுகலை. பேப்பரை மடிச்சு வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அன்னைல இருந்து எங்கிட்டப் பேச்சு இல்லை. சோறு போட்டா திங்கறா, போதுமான்னா தலையை ஆட்டறா.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டன், இனி இந்தப் பள்ளிக்கூடம் ஆகாதுன்னு. எங்க ஊட்டுக்காரரோட அக்கா, எனக்கு நங்கையா முறை, அவங்க பொண்ணு ரக்சிதாவும் ப்ளஸ் ஒண்ணுதான். மலையடிவாரத்துல ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துல சேத்திருக்கறாங்க. நங்கையா பொழுதுக்கும் பீத்திக்குவாங்க, நான் காதுல வாங்க மாட்டன். இப்ப நானே கூப்புட்டு, ஒருக்காக் கூட்டிட்டுப் போயிக் காட்டுங்கன்னன். போன ஞாயித்துக்கெழமை போனமுங்க.

அடடா, அது பள்ளிக்கூடம்! ரோட்டுல எறங்கும்போதே கேக்குது சத்தம். நூறு தறி ஒட்டுக்கா ஓடுனா எப்படி இருக்கும்? அப்படி. வராண்டாவுல வரிசையாப் புள்ளைங்க, கையில புஸ்தகம், நடந்துட்டே கத்துதுங்க. ஒருத்தி நின்னா வார்டன் பொம்பளை கைதட்டறா, மறுபடி நடக்குது. ப்ளஸ் ஒண்ணுப் பாடத்தை ஒரு மாசத்துல ஓரங்கட்டிட்டு நேரா ப்ளஸ் டூவை ஆரம்பிச்சுட்டாங்களாம். அங்க போயி எவளாவது கன்னத்துல கை வெக்க முடியுமா? ரெண்டு கையும் புஸ்தகத்தைப் புடிச்சிருக்கோணும், அதுதான் சட்டம்.

ரக்சிதாகிட்டப் போனன். "என்ன கண்ணு, நல்லா இருக்கியா? அத்தை வந்திருக்கறன்"ன்னன். அந்தப் புள்ளைக்கு என்னைய அடையாளமே தெரியலீங்க. கண்ணு எம்மேலதான் இருக்குது, வாயி நிக்கலை. தொண்டை கட்டிப்போயிக் காத்துதான் வருது, இருந்தாலும் நிக்கலை. அவங்கம்மா தலையைத் தடவுனாங்க, அப்பவும் நிக்கலை. படிப்புல அவ்வளவு கவனம்! நங்கையா பெருமையாத்தான் நின்னாங்க. வரும்போது பஸ்ஸுல என்னமோ சன்னல் பக்கமாத் திரும்பிக் கண்ணைத் தொடைச்சுட்டு வந்தாங்க. தூசி உழுந்துருக்கும்.

எடம் இருக்குதுன்னுட்டாங்க. நாளைக்கே கொண்டாந்து உடச் சொல்லிட்டாங்க. பீஸு கட்டறதுக்கு ஒரு தறியை வெலை பேசியாச்சு. எங்க ஊட்டுக்காரரு அந்தத் தறிக்குப் பொட்டு வெச்சுக் கும்புட்டுட்டுப் போயிட்டாரு. நேத்து புள்ளகிட்டச் சொன்னன். டி.சி. வாங்கப் போறன், துணியெல்லாம் எடுத்து வெய்யின்னு. அழுவான்னு பாத்தன். சண்டை போடுவா, நானும் நாலு கேட்டுப்போடலாம்னு இருந்தன். "சரிம்மா"ன்னா. அவ்வளவுதான். ஈரத்துணி ஏன் கனக்குது, மூடி ஏன் ஆடுதுன்னு உசுரை வாங்குனவ, இதுக்கு ஏம்மான்னு ஒரு கேள்வி கேக்கலீங்க. ஒரு கேள்வி கேட்டிருக்கலாமில்ல? நான் பதில் சொல்லியிருப்பனே? அதுதான் எனக்கு ராத்திரியெல்லாம் ஆத்தரமா இருந்துச்சு. எல்லாம் அந்த ஜெசிந்தா பண்ணுன வேலை. இன்னைக்கு அவ மூஞ்சிக்கு முன்னால நின்னு இன்னொருக்காச் சொல்லிட்டுத்தான் வருவன். இயங்கும் பொருள் நேர்கோட்டில் சீராக இயங்கிக்கொண்டே...

அய்யோ! அம்மா! நெத்தி போச்சு! ஏ டிரைவரு, உனக்கெல்லாம் எவன்யா லைசென்சு குடுத்தது? கம்பியில மடார்னு மோதிட்டனே! உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே அக்கா? என்ன, ஆட்டுக்குட்டியா குறுக்க வந்துச்சு? ஆட்டுக்குட்டியைக் காப்பாத்திட்டு என்னையக் கொல்லுறியா?

யாரு என்னையப் பின்னால இருந்து தள்ளுனது? யாரோ தள்ளுனாங்களே. பின்னால சீட்டே காலியா? நீங்க தள்ளலையே? சரி சரி, கோவிச்சுக்காதீங்க, சும்மா கேட்டன்.

அப்பறம் நான் எதுக்குங்க முன்னால போனன்?

இல்லை, கேக்கறன். பிரேக்குப் போட்டது வண்டிக்கு. நின்னது வண்டி. நான் உக்காந்த எடத்துல சிவனேன்னு உக்காந்திருந்தன். என்னைய யாரும் தொடலை. அப்பறம் நான் எதுக்குப் போனன்? நேராப் போனனே, கம்பி வரைக்கும். கம்பி இல்லைன்னா? கம்பி இல்லைன்னா நிப்பனா? டிரைவர் முதுகுல போயி... பொட்டி இல்லைன்னா எங்கம்மா நிக்கும்னு கேட்டாளே. நேராப் பாஞ்சு போகும்னு நான்தான சொன்னன். நேரா. நேர்கோட்டில்.

இருங்க. இருங்க. நாடா. நாடா ஒரு பொருளு. அக்கா, அப்ப அந்தப் பாடத்துல வர பொருளு... அவ ஒரு வருசமாக் கத்துனாளே, நானும் கூடக் கூடச் சொன்னனே... அது நானுங்களா?

என்னங்க? தண்ணித்தொட்டியா? தெரியுது, எனக்கும் கண்ணு இருக்குது. எறங்கறவங்க எறங்கட்டும். கண்டக்டரே, என்னையப் பாத்துட்டு நிக்காம விசிலை ஊதுங்க, வண்டி போகட்டும். அட, ஏன் இப்படி எறங்காமச் சும்மா உக்காந்திருக்கீங்கன்னு நீங்க வேற ஒருபக்கம் இடிச்சுட்டே இருக்கீங்க. சும்மா ஒண்ணும் உக்காரலை. சித்தெ பேசாம வாங்க. ரோசனை பண்ணிட்டிருக்கறன்.